சாவிக்குப் போன கை

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. தெருவில் எங்காவது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியின் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்போம். அந்தப் புகை வாசனை, அந்தத் தடதடப்பு, டேங்கின்மேல் உட்கார்ந்தால் தொடைக்கு அடியில் வரும் சூடு. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நானும் திரும்பிப் பார்ப்பேன். என் கண் மட்டும் ஓட்டுகிறவரின் வலது கைமேல் போய் நிற்கும். அந்தக் கை சாவிப் பக்கம் நகர்ந்தால் இன்றைக்கும் நான் சாலையை விட்டு ஒதுங்கி நின்றுவிடுவேன். தலையில் நரை எட்டிப் பார்க்கும் இந்த வயதிலும் அது போகவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறு வீட்டுக்கு ஒரு குழாய். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்கு, இந்தப் பக்கம் கன்னடம். நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் எங்கள் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா ஒரு கம்பெனியில் லேத் ஆப்பரேட்டர். அம்மா வயர் கம்பெனியில் வேலை பார்த்தாள். கார்களுக்கும் வண்டிகளுக்கும் போகும் வயர்க் கட்டுகளைப் பலகைமேல் விரித்து, கலர் பார்த்து இணைத்து, கறுப்பு டேப் சுற்றி அனுப்புவார்கள். சாயங்காலம் வரும்போது அவள் விரல் நுனியில் டேப்பின் பசை ஒட்டியிருக்கும். எனக்குத் தலை வாரும்போது முடி அதில் சிக்கும்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்களோடு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் கம்பெனியிலேயே கான்ட்ராக்டில் இருந்தார். இருபத்து மூன்று வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் குத்தியிருப்பார். அதை வைத்து எதையும் சரி செய்து நான் பார்த்ததில்லை. அந்த வருடம் அவரை டிரெயினியாக எடுப்பதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். டிரெயினி என்றால் பிறகு பர்மனன்ட். அம்மா அவருக்குப் பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

வண்டி அப்பாவுடையது. அவருக்கு முன்னால் இரண்டு பேரிடம் இருந்த வண்டி. சிவப்பு டேங்கில் பெயின்ட் உரிந்த இடத்தில் அப்பாவே நெயில் பாலிஷ் தடவி வைத்திருந்தார். அது அம்மாவின் நெயில் பாலிஷ். மார்கழிப் பனியில் வண்டி நிற்க ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று யாரோ வாயைப் பொத்தியதுபோலச் சத்தம் அடங்கிவிடும். இறங்கி, ஓரமாகத் தள்ளி நிறுத்தி, கிக்கரை உதைத்தால் முதல் உதையிலேயே ஓடும். அதுதான் அப்பாவுக்குப் பெரிய எரிச்சல். சுத்தமாகக் கெட்டுப் போயிருந்தாலாவது பரவாயில்லை என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் கன்னடப் பேப்பரை விரித்து அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்துவிடுவார்கள். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார்கள். கழற்றிய பிளக்கை இன்ஜின்மேல் சாய்த்து வைத்து சித்தப்பா கிக்கரை உதைப்பார். அதன் நுனியில் நீலப் பொறி விழும். அந்தப் பொறியைப் பார்க்கத்தான் நான் அங்கேயே கிடப்பேன். ஒருநாள் அப்பா பிளக் வயரை வெறும் கையால் பிடித்து ஷாக் அடித்துத் துள்ளினார். பக்கத்து வீட்டுக்காரம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பொறி நன்றாகத்தான் வந்தது. பாயிண்ட்டை மாற்றினார்கள், கண்டன்சரை மாற்றினார்கள். வண்டி ஒரு வாரம் ஓடும், மறுபடியும் நிற்கும்.

சித்தப்பாதான் முதலில் சொன்னார்.

"அண்ணே, எனக்கு என்னமோ திரும்புறப்பதான் நிக்கிற மாதிரி இருக்கு."

"திரும்புறப்ப நீ மெதுவாப் போவ. மெதுவாப் போனா ரேஸ் கொறையும். ரேஸ் கொறைஞ்சா நிக்கத்தான செய்யும்" என்றார் அப்பா.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "திரும்பறப்ப நிக்குதுன்னா வயர்ல எங்கனயோ இழுபடுதுங்க. நான் ஒருக்க பாக்கட்டுமா?"

அப்பா சித்தப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஒம் மதினி கம்பெனில டேப்பு சுத்துறா. வண்டி ரிப்பேரும் கத்துக் குடுத்துட்டாங்க போல."

சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டு அரிசியை உலையில் போட்டாள்.

கடைசியில் மெயின் ரோட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அவர் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஹேண்டில்பாரை நேராக வைத்து, ஒரு மணி நேரம் ஓட விட்டார். நிற்கவே இல்லை. "ஏனூ இல்லா", ஒன்றுமே இல்லை, என்று தனக்குத்தானே கன்னடத்தில் சொல்லிக்கொண்டார். பிறகு அப்பாவிடம், "பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற காயில் சூடாகி நிக்குதுண்ணா. மாத்திடலாம்" என்றார். டேங்கை இறக்கிக் காயிலை மாற்றிக் கொடுத்தார். அதன்பின் இரண்டு வாரம் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்பா சீட்டைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "காயிலுதான். நான் அப்பவே நெனச்சேன்."

சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இறக்கம் வந்தால் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிடுவார். பெட்ரோல் மிச்சம் என்பார். காற்று மட்டும் காதில் அடிக்க, வண்டி சத்தமில்லாமல் உருண்டு போகும். எனக்கு அது பறப்பதுபோல இருக்கும். அப்பா பலமுறை திட்டியிருக்கிறார். "எவனாவது குறுக்க வந்தா என்னல பண்ணுவ?" சித்தப்பா சரி சரி என்பார். அப்பா இல்லாதபோது மறுபடி அணைப்பார்.

மாசி மாதம், ஒரு வேலைநாள் காலை. அப்பாவும் அம்மாவும் முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார்கள். சித்தப்பாவுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். காலி கேஸ் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு வேறு எடுத்து வரவேண்டும். வண்டியின் பின்னால் சிலிண்டரைப் படுக்க வைத்துச் சைக்கிள் டியூபால் கட்டினார். என்னைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். பின்னால் இடமில்லாததால் டேங்கின்மேல் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். புத்தகப் பை என் மடியில்.

பள்ளிக்கூடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். எங்கள் பக்கமாகக் கொஞ்ச தூரம் இறக்கத்தில் போய், நடுவில் இருக்கும் இடைவெளியில் வலப்பக்கம் முழுசாக ஒடித்துத் திரும்பி, எதிர்ச்சாலையில் ஏற வேண்டும். இறக்கத்தில் சித்தப்பா இன்ஜினை அணைத்தாரா, அணைக்கவில்லையா? அதுதான் என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் பெரிய கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் மடியில் இருந்த பையின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். கணக்கு நோட்டை எடுத்து வைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இடைவெளியில் வண்டி திரும்பியது. எதிர்ச்சாலையில் முழுசாக இறங்கியது. அப்போது சத்தம் இல்லை. என் தாடைக்குக் கீழே சித்தப்பாவின் வலது கை சாவிமேல் இருந்தது. அவர் கட்டைவிரல் நகத்தில் கறுப்பாக ஒரு கோடு. சாவியை அவர் திருகுவதைப் பார்த்தேன். பிறகு இடப்பக்கமிருந்து ஹாரன். அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. யாரோ என் சட்டைக் காலரையும் பாவாடை இடுப்பையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி எறிந்தார்கள். நான் நடுத்திட்டிலிருந்த அரளிச் செடிக்குள் போய் விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்து கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. லாரி மோதிய சத்தம் ஞாபகமில்லை. காலி சிலிண்டர் தார்ச்சாலையில் கணகணவென்று உருண்டுகொண்டே போனதுதான் கேட்கிறது. ஓசூர்ப் பக்கமிருந்து வந்த வண்டிகள் எல்லாம் அதைப் பார்த்துப் பிரேக் அடித்தன. அது நிதானமாக உருண்டு, ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. என் ஒரு செருப்பு சாலை நடுவில் கிடந்தது. டிபன் டப்பா திறந்து, அம்மா வைத்திருந்த எலுமிச்சைச் சாதம் மஞ்சளாகச் சிதறிக் கிடந்தது. சித்தப்பா வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்துதான் இருந்தார். அவருடைய இடது கால் மட்டும் அவருக்குச் சம்பந்தமில்லாத பக்கம் பார்த்துக் கிடந்தது. லாரி டிரைவர் கன்னடத்தில் அழுதுகொண்டே ஓடிவந்து அவரைத் தூக்கினார். அதன்பிறகுதான் சித்தப்பாவின் தலை தொங்கியது.

அன்று முழுக்கப் பள்ளிக்கூட உடுப்பிலேயே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை மடியில் வைத்துக்கொண்டு தெலுங்கில் ஏதேதோ சொன்னார். டீ கொடுத்தார்கள், குடித்தேன். அழு, அழு என்றார்கள், வரவில்லை. சாயங்காலம் அப்பா வார்டிலிருந்து வெளியே வந்தார். கம்பெனி நீலச்சட்டை, கையில் ஆயில் கறை. சித்தப்பாவின் காலுக்குள் கம்பி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் முகம் எனக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை.

"பாப்பா, உண்மையச் சொல்லணும். சித்தப்பா வண்டிய ஆஃப் பண்ணானா?"

நான் அவர் கையிலிருந்த ஆயில் கறையைப் பார்த்தேன்.

"சாவியத் தொட்டானா?"

"ம்."

"நீ பாத்தியா? கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

அப்பா எழுந்தார். அம்மா வார்டு வாசலில் நின்றிருந்தாள். அவளிடம் சொன்னார்: "கேட்டியா? காயிலு மாத்தி ரெண்டு வாரமா ஒரு எடத்துல நிக்கல வண்டி. இவன் ஒரு மூடி பெட்ரோலுக்காக எம்பிள்ளயக் கொல்லப் பாத்துருக்கான்."

அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. ஊருக்குப் போன் போட்டு அப்பா அதையே சொன்னார். கம்பெனியில் சொன்னார். குழாயடியிலும் அதே பேச்சுதான். யார் கேட்டாலும் கடைசியில், "பாப்பாவே பாத்துருக்கா" என்று முடிப்பார். நான் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன். ஒவ்வொரு தடவை தலையாட்டியபோதும் அது இன்னும் கொஞ்சம் உண்மையாயிற்று. இறக்கத்தில் காற்று காதில் அடித்தது, இன்ஜின் சத்தமே இல்லை என்றெல்லாம் நானே சேர்த்துக்கொண்டேன். வேறு நாட்களில் அடித்த காற்று அது.

என்னை ஆஸ்பத்திரிக்கு அதன்பிறகு கூட்டிப்போகவில்லை. சித்தப்பாவை வீட்டுக்கும் கூட்டி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் கான்ட்ராக்டுப் பையன்கள் தங்கியிருந்த அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா மட்டும் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் தூக்குவாளியில் குழம்பு கொண்டுபோவாள். அப்பாவுக்கு அது தெரியும், கேட்டுக்கொள்ள மாட்டார். டிரெயினி வேலைக்கு வேறு ஒருவனை எடுத்துவிட்டார்கள். அக்குள் கட்டைகளை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அந்த அறைப் பையன் ஒருவன் ஜவளகிரிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலை வாங்கிக் கொடுத்தான். மோட்டார் போடும் வேலை. நின்று செய்ய வேண்டியதில்லை. சித்தப்பா போய்விட்டார். போகும்போது எங்கள் வீட்டு வழியாகத்தான் பஸ் ஏறப் போனார் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

வண்டியின் பின்சக்கரமும் மட்கார்டும்தான் நசுங்கியிருந்தன. அவற்றை மாற்றி அப்பா மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். அவர் கம்பெனி எங்கள் பக்கச் சாலையிலேயே இருந்தது. நேராகப் போய் நேராக வருவார். வீட்டுச் சந்தில் இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார். வண்டி நிற்கவில்லை. அதுவே அவருக்கு இன்னொரு சாட்சி.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். விபத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் சரியாகச் சிரிக்காததால் அம்மாதான் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன். போகும்போது நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொஞ்சமாக இருந்தது. பெங்களூர்க் கழிவு கலந்த நுரையின் வாசனை. வறுத்த கடலை சாப்பிட்டோம். கிளம்பும்போது அப்பா, "நீங்க இங்கனயே நில்லுங்க, வண்டியத் திருப்பிட்டு வாரேன்" என்று போனார்.

சாலை குறுகல். அப்பா வண்டியைக் கிளப்பி, ஹேண்டில்பாரை வலப்பக்கம் முழுசாக ஒடித்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி மெதுவாகத் திருப்பினார். பத்தடி தூரத்தில் நானும் அம்மாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி திரும்பியபோது சத்தம் நின்றது. யாரோ வாயைப் பொத்தியதுபோல. அதன் பிறகு, அதன் பிறகுதான், அப்பாவின் வலது கை ஆக்சிலேட்டரை விட்டுச் சாவிக்குப் போனது. அணைத்தார், திறந்தார். தானாகப் போன கை அது. எந்த மனிதனும் அப்படித்தான் செய்வான்.

கை சாவிமேல் இருக்கும்போதே அப்பா அப்படியே நின்றுவிட்டார். தலையை மெதுவாகத் தூக்கி என்னைப் பார்த்தார். எது முதலில், எது பிறகு என்பதை நான் அன்று பார்க்கவே இல்லை என்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. கையைப் பார்த்தேன். அதற்கு முன்னால் சத்தம் நின்றதா, பின்னால் நின்றதா? பார்க்கவில்லை. ஆனால் பார்த்தேன் என்று நாலு மாதமாகத் தலையாட்டியிருக்கிறேன்.

அம்மா கடலைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியிடம் போனாள். "எறங்குங்க" என்றாள். அப்பா மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார். நடு ஸ்டாண்டில் போடச் சொன்னாள். ஹேண்டிலை நேராக வைத்துக் கிளப்பச் சொன்னாள். கிளம்பியது. அம்மா ஹேண்டில்பாரைப் பிடித்து வலப்பக்கம் மெதுவாகத் திருப்பினாள். கடைசிவரை போனதும் நின்றது. நேராக்கி உதைத்தால் ஓடியது. மறுபடி திருப்பினாள், நின்றது. இடப்பக்கம் எவ்வளவு திருப்பினாலும் நிற்கவில்லை. "இன்னொருக்க" என்றாள். "இன்னொருக்க." ஆறேழு தடவை. அப்பாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. போதும் என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, வாசலில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். டார்ச் லைட்டிலிருந்து செல்லையும் பல்பையும் எடுத்து இரண்டு வயர்த் துண்டுகளை இணைத்துக்கொண்டாள். அவள் கம்பெனியில் பலகைமேல் இதைத்தான் நாள் முழுக்கச் செய்வார்களாம். இரண்டு முனையையும் தொட்டால் பல்பு எரிகிறதா என்று பார்ப்பது. டேங்கை இறக்கச் சொல்லி, காயிலுக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டாள். சாவியை ஆன் பண்ணி வைத்தாள். ஒரு முனையைச் சாவிக்குப் போகும் வயரில் வைத்தாள். இன்னொன்றை வண்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்தாள். "இப்ப எரியக்கூடாது" என்றாள். எரியவில்லை. "பாப்பா, ஹேண்டில வலப்பக்கம் திருப்பு."

நான் திருப்பினேன். பல்பு எரிந்தது.

ஹெட்லைட் டூமுக்குப் பின்னால், வயர்க் கட்டு சட்டத்தில் மடங்கும் இடத்தில், கறுப்பு டேப்பை நகத்தால் பிரித்துக்கொண்டே போனாள். உள்ளே ஒரு வயரின் தோல் உரசி உரசித் தேய்ந்து போயிருந்தது. அரிசி மணியளவு செம்பு, பளபளவென்று. நேர் எதிரே சட்டத்திலும் பெயின்ட் போய் ஒரு புள்ளி.

அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "இந்த வண்டில சாவிய ஆஃப் பண்ணா என்ன ஆகும் தெரியுமா? இந்த வயரு பாடில போய்த் தொடும். அவ்வளவுதான், வண்டி அணைஞ்சிரும். இங்கன சாவியே இல்லாமத் தொடுது. வண்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"காயிலு மாத்தினப்பறம் நிக்கலியே" என்றார் அப்பா. அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"காயில மாத்த டேங்க எறக்குனாருல்ல. அப்ப இந்தக் கட்டு கொஞ்சம் நகந்து உக்காந்துருக்கும். ஓட ஓட பழைய எடத்துக்கே எறங்கிருச்சு."

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா குடத்தோடு வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போனார். அம்மா புது டேப்பைச் சுற்றினாள். சுற்றி முடித்ததும் விரல் நுனிப் பசையைப் புடவையில் துடைத்தாள். வயரில் இருக்கும், பார்க்கட்டுமா என்று மார்கழியிலேயே கேட்டதை அவள் அன்றும் சொல்லிக் காட்டவில்லை, பிறகும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் பஸ்ஸில் ஜவளகிரிக்குப் போனோம். தளியைத் தாண்டியதும் குளிர்ந்தது. ரோஜாத் தோட்டம் என்றால் செடிகள் தெரியும் என்று நினைத்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் போட்ட பெரிய பெரிய கூடாரங்களாக இருந்தது. உள்ளே ஈரச்சூடு, மருந்து வாசனை. சித்தப்பா மோட்டார் அறை வாசலில் ஒரு கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். எழுவதற்கு அவருக்கு மூன்று அசைவு தேவைப்பட்டது.

"வாங்கண்ணே. வாங்க மதினி" என்றார். "ஊர்ல யாருக்கும் ஒண்ணுமில்லியே?"

அப்பா தம்பியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாதான் சொன்னாள், வயர், டேப், திரும்பினால் தொடுவது, எல்லாவற்றையும். சித்தப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார், ஏதோ தூரத்துச் சொந்தத்தின் கதையைக் கேட்பதுபோல. அம்மா முடித்ததும் மோட்டார் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் ஆஃப் பண்ணலியா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை. "என்ன தம்பி சொல்றீக? உங்களுக்குத் தெரியாதா?"

"ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் அண்ணன் சொன்னாரு, நீ சாவியத் திருகினதப் பாப்பா பாத்துருக்கான்னு. பாப்பா எதுக்குப் பொய் சொல்லப் போவுது? நானும் எறக்கத்துல அணைக்கிறவந்தான. அப்ப அணைச்சிருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன்." அவர் காலைத் தடவிக்கொண்டார். "திருகினது மட்டும் எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகத்துக்கு வரல மதினி. தலைல அடிபட்டதுல மறந்துருச்சுன்னு விட்டுட்டேன். ராத்திரி படுத்தா, பிள்ளயக் கொல்லப் பாத்தோமேன்னு..."

நாலு மாதம். செய்யாத ஒன்றைச் செய்ததாக, என் வார்த்தையை நம்பி, தன் ஞாபகத்தைத் தானே அடித்து உட்கார வைத்திருக்கிறார். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது என் கை நின்று நின்றுதான் நகர்கிறது.

"நான் பாக்கல சித்தப்பா" என்றேன். "கையத்தான் பாத்தேன். முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாக்கவே இல்ல. அப்பா கேட்டாரு, பாத்தேன்னு சொல்லிட்டேன்."

அப்பாவின் கை உயர்ந்தது. என்னை அடிக்கத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அந்தக் கை அவர் வாயைப் பொத்தியிருந்தது. அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

சித்தப்பா அவரை விலகி நின்று பார்த்தார். கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. அமைதியாகக் கேட்டார்: "ஏண்ணே, பத்து வயசுப் பிள்ளகிட்டக் கேட்டீக. என்கிட்ட ஒரு வார்த்த, 'என்னல நடந்துச்சு'ன்னு கேட்டிருக்கலாம்ல?"

வீட்டுக்கு வா என்று மட்டும் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பா வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகும் எங்களோடு தங்க வரவில்லை. அந்தப் பக்கமே ஒரு தெலுங்கு பேசும் குடும்பத்தில் பெண் எடுத்து, தளியில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். உட்கார்ந்து செய்யும் வேலை. நல்லது கெட்டதுக்கு வருவார், அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசுவார், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். அப்பா அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வார். அவ்வளவுதான் அவர்களுக்குள் மிஞ்சியது.

அன்று நாங்கள் கிளம்பும்போது சித்தப்பா தோட்டத்து வாசல்வரை நொண்டி நொண்டி வந்தார். அப்பாவும் அம்மாவும் முன்னால் போய்விட்டார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என்னை நிறுத்தினார். குனிய முடியாததால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தாழ்ந்தார்.

"பாப்பா, அன்னைக்கு உன்னத் தூக்கிப் போட்டேன்ல" என்றார். "எங்கயும் அடி படலியே? யாரும் சொல்லவே இல்ல."

நான் முழங்கையைத் திருப்பிக் காட்டினேன். அரளிக் கிளை கிழித்த தழும்பு ஒரு விரல் நீளம் இருந்தது. ரோஜா முள் கீறிய தன் உள்ளங்கையில் என் முழங்கையை ஏந்தி, வெயில் படும் பக்கமாகத் திருப்பி, அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.